சிவப்புக் கால்சட்டைக்காரனின் ஆயுசு

எங்கள் வீட்டில் அம்மா அணைக்காமல் விட்டுவைத்த சுவிட்ச் ஒன்றே ஒன்றுதான். முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்கு அடியில் இரவும் பகலும் எரிந்த சிவப்பு சீரோ வாட்ஸ் பல்பின் சுவிட்ச் அது. மற்ற எல்லாவற்றையும் போகிற போக்கில் தட்டி அணைத்துக்கொண்டே போவாள். நாங்கள் உட்கார்ந்திருக்கிற அறையின் ஃபேனைக்கூட அணைத்துவிட்டு, பிறகுதான் எங்களைப் பார்ப்பாள். மலைப்பக்கம் வானம் ஒருமுறை உறுமினால் போதும், டிவி, மிக்சி, அயர்ன்பாக்ஸ் என்று வீட்டிலுள்ள பிளக்குகளெல்லாம் பிடுங்கப்பட்டுத் தொங்கும். குழித்துறைப் பக்கம் இடிக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. ஆனால் எத்தனை இடி இடித்தாலும் அந்தச் சிவப்பு பல்பை மட்டும் அவள் தொடமாட்டாள். அதை இடியிடமிருந்து காப்பாற்றுவது ஆண்டவரின் பொறுப்பு.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா கல்ஃபிலிருந்து இரண்டு மாத லீவில் வந்தார். அதுவரை அப்பா என்றால் எனக்கும் தம்பிக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் வரும் ஒரு குரல். நன்றாகப் படிக்கிறாயா, அம்மா சொன்னால் கேட்கிறாயா என்று அந்தக் குரல் கேட்கும், ஆமாம் ஆமாம் என்று நாங்கள் சொல்லுவோம். அந்தக் குரல் திடீரென்று மீசை வைத்த ஒரு ஆளாக வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டதும் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவரும் நன்றாகப் படிக்கிறாயா என்று ஒருமுறை கேட்டார், நாங்களும் ஆமாம் என்றோம், அதோடு பேச்சு தீர்ந்துபோயிற்று.

அதற்குப் பிறகு அவர் பெட்டியைத் திறந்து டிவி கேமை எடுத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, இரண்டு ரிமோட்டுகள், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். கேசட்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் போட்டிருந்தது. போட்டுப் பார்த்தால் நாலைந்து ஆட்டங்கள்தான் பெயரை மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தன. எங்களுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. கேசட்டின் அடியில் வாயை வைத்து ஊதி, உள்ளே அழுத்தி, படம் விழுந்ததும் தம்பி கத்திய கத்தலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். டிவிக்கு ஏதும் ஆகுமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

நாங்கள் பிடித்துக்கொண்ட ஆட்டத்துக்குக் காட்டாட்டம் என்று தம்பி பெயர் வைத்தான். இரண்டு ஆட்கள் துப்பாக்கியோடு காடு, அருவி, பனிமலை எல்லாம் தாண்டி ஒரு கோட்டையின் இரும்புக் கதவை உடைக்க வேண்டும். பாவாடை கட்டிய நான்தான் நீலக் கால்சட்டைக்காரன். சிவப்புக் கால்சட்டைக்காரன் அப்பா. ரிமோட் இரண்டுதான் என்பதால் தம்பிக்கு எங்கே குதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் உத்தியோகம். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் திரையில் சிறு சிறு பதக்கங்கள் தெரியும், ஒவ்வொரு பதக்கமும் ஒரு உயிர்.

அப்பா அவ்வளவு மோசமாக விளையாடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. திரையில் ஆள் குதிக்க வேண்டுமென்றால் இவர் ரிமோட்டோடு கைகளைத் தலைக்கு மேலே தூக்குவார். கை மேலே போகும், ஆள் குழிக்குள் போவான். காட்டைத் தாண்டுவதற்குள் அவருடைய பதக்கங்கள் தீர்ந்துவிடும். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு வழி இருந்தது. தன் உயிரெல்லாம் போனவன் இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் கூட்டாளியின் உயிரில் ஒன்று அவனுக்கு வந்துவிடும். அப்பா தேர்ச்சி பெற்ற ஒரே வித்தை இதுதான். நான் அரும்பாடுபட்டுச் சேர்த்த பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எடுத்த சூட்டிலேயே அடுத்த குழியில் விழுவார்.

அம்மா எங்களிடம் நாளுக்குப் பத்து தரம் சொல்லுகிற சொல் ஒன்று உண்டு. அது அன்றைக்கு என் வாயில் வந்தது. "அப்பா, சும்மா எனக்க உயிர வாங்காதிய" என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு ரிமோட்டை மடியில் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் அவரிடம் கூச்சமில்லாமல் பேசிய முதல் பேச்சு அதுதான். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை.

ஒரே தொல்லை, அந்தப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்தால் மறுபடியும் காட்டின் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைத்துவிட்டு டிவியை மட்டும் அணைத்தால், பெட்டிக்கு கறண்ட் இருக்கிறவரை ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். ஆனால் அம்மா இருக்கிற வீட்டில் ஒரு பெட்டி எப்படி அணையாமல் இருக்கும்? பனிமலை வரைக்கும் போய்விட்டுச் சாப்பிட எழுந்திருப்போம், திரும்பி வந்தால் காடு.

அப்பா அங்கே ஏசி மெக்கானிக். வயரும் பிளக்கும் அவருக்கு எங்களை விடப் பழக்கம். ஒருநாள் அம்மா சந்தைக்குப் போயிருந்த நேரம் ஸ்டூலில் ஏறி, படத்துக்குக் கீழே சிவப்பு பல்பு சொருகியிருந்த இடத்தில் ஒரு டூ-வே பிளக்கை மாட்டி, பெட்டியின் அடாப்டரையும் அதிலேயே சொருகினார். வயரை படத்துக்குப் பின்னால் விட்டு டிவி வரைக்கும் கொண்டுவந்தார். இறங்கி நின்று, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "இத உனக்க அம்ம தொட மாட்டா, கேட்டியா" என்றார்.

அன்றிலிருந்து ஆண்டவரின் சுவிட்சில் எங்கள் ஆட்டமும் ஓடியது. சாயங்காலம் அந்தப் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு செபமாலை சொல்லும்போது, சிவப்பு பல்புக்கு நேர் கீழே பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். அம்மா அதைப் பார்க்கவில்லை, அவள் கண்ணை மூடித்தான் செபிப்பாள் என்று நாங்கள் நம்பினோம்.

அப்பா கிளம்புகிற நாளும் வந்தது. கோட்டையின் இரும்புக் கதவு வரைக்கும் வந்திருந்தோம். என் தலைக்கு மேல் பதக்கங்கள் வரிசையாக இருந்தன, அப்பாவுக்கு வழக்கம்போல் என்னிடமிருந்து எடுத்த கடைசி உயிர். திருவனந்தபுரம் போக வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அப்பா ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தினார். என் தலையில் கைவைத்து, "அத அப்பிடியே வச்சிரு மக்களே, நான் வந்து முடிச்சித் தாறேன்" என்றார்.

புறப்படுகிற மனுஷன் அழுகிற பிள்ளையிடம் சொல்லுகிற சமாதானம் அது என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அப்பா திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும், அதுவரைக்கும் பெட்டியை அணையாமல் காக்க வேண்டிய வேலையை அவர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். நாங்கள் ஆடவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரே ஒருமுறை டிவியைப் போட்டுப் பார்ப்போம். கதவுக்கு முன்னால் நீலமும் சிவப்பும் அசையாமல் நிற்பார்கள். திருப்தியோடு அணைத்துவிடுவோம். பெட்டி சூடாகிவிடக் கூடாதென்று தம்பி பனையோலை விசிறியால் அதற்கு வீசிவிடுவான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சாயங்கால செபத்தின் கடைசியில் பிள்ளைகளின் அப்பனுக்கு ஆயுசையும் சுகத்தையும் கொடும் ஆண்டவரே என்று அவள் வேண்டும்போது, கறண்டையும் கொடும் என்று நான் மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

அந்த வேண்டுதல் கொஞ்ச நாள்தான் பலித்தது. ஒருநாள் காலையில் முதல் பீரியடிலேயே வகுப்பு ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. மற்றவர்களெல்லாம் நோட்டால் விசிறிக்கொண்டார்கள். நான் மட்டும் நின்றுபோன ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே லைன். சற்று நேரத்தில் ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கியது, அதனால் என்ன, பெட்டிக்கு ஒரு நொடி போதும். அன்று முழுக்க டீச்சர் போர்டில் எழுதியது எதையும் நான் நோட்டில் எழுதவில்லை. அப்பா ஒரு வேலை சொன்னார், அதைக்கூட என்னால் காக்க முடியவில்லை என்று நினைத்து, வீடு போகிற வழியெல்லாம் அழுதேன். நான் ஏன் அழுகிறேன் என்று தெரியாமலேயே தம்பியும் கூட அழுதான்.

வீட்டுக்குள் பையை எறிந்துவிட்டு டிவியைப் போட்டேன். இரும்புக் கதவு. அதன் முன்னால் நீலமும் சிவப்பும் நின்றார்கள்.

நான் போட்ட கூச்சலுக்கு அம்மா அடுக்களையிலிருந்து வரவில்லை. நாங்கள்தான் ஓடினோம். சாயங்காலம் ஆகியும் சட்டியில் சாளை மீன் வெட்டாமல் கிடந்தது, வாசலில் பூனை காத்திருந்தது. அன்றைக்குக் கஞ்சியும் பயறும்தான் என்று அம்மா சொன்னாள். அவள் பெருவிரல் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. என்னம்மா என்று தம்பி கேட்டதற்கு மீன்முள் குத்திவிட்டது என்றாள். எனக்கு அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கப் பொறுமையில்லை. கறண்ட் போயும் ஆட்டம் போகவில்லை என்ற அதிசயத்தைச் சொல்ல வாய் துடித்தது. சொன்னேன். அப்படியா என்றாள் அம்மா.

திரும்பிப் போய் நன்றாகப் பார்த்தபோது இன்னொரு அதிசயமும் தெரிந்தது. என் தலைக்கு மேல் ஒரே ஒரு பதக்கம்தான் மிச்சம் இருந்தது. அப்பாவின் தலைக்கு மேல் எல்லாப் பதக்கங்களும் இருந்தன, ஆட்டம் தொடங்கும்போது கொடுப்பார்களே, அதில் ஒன்றும் குறையாமல். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆண்டவரின் சுவிட்சில் இருந்ததால் ஆண்டவரே ஆட்டத்தைக் காத்தார், அத்தோடு அம்மா தினமும் கேட்கிறபடி அப்பாவுக்கு ஆயுசையும் கூட்டிக் கொடுத்திருக்கிறார். என்னுடையதை எடுத்துக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

அன்று செபத்தில் எங்கள் முறை வந்தபோது நான் உரக்க நன்றி சொன்னேன். கறண்ட் போன நேரத்தில் டிவி கேமைக் காத்ததற்காகவும், சிவப்புக் கால்சட்டைக்காரனுக்கு உயிர் கொடுத்ததற்காகவும் ஆண்டவருக்கு நன்றி. அம்மா துணி சுற்றிய விரல்களில் செபமாலையைச் சுருட்டினாள். பிறகு குனிந்த தலை நிமிராமல், "செபத்துல வெளையாட்டக் கொண்டு வராண்டாம் ஏட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த தவக்காலத்தில் ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அடாப்டர் உருகிப் போயிருந்தது. ஒரு நாள் முழுக்க அழுதேன். மறுநாள் அம்மா எனக்கொரு சைக்கிள் வாங்கித் தந்தாள், ஒரு வாரத்தில் காட்டையும் கோட்டையையும் சுத்தமாக மறந்துவிட்டேன். குழந்தைகளின் விசுவாசம் அவ்வளவுதான்.

அப்பா மறுபடி வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. தான் சொன்னதையும் போனில் நாங்கள் சொன்னதையும் மறக்காமல் ஒரு புது அடாப்டர் கொண்டுவந்திருந்தார். தம்பி கிரிக்கெட் மட்டையோடு போய்விட்டான். நானும் தோழிகளோடு பாலம் வரை சைக்கிளில் போக வாசலில் நின்றேன். வந்து முடிப்போம் அப்பா என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தனியாக உட்கார்ந்து கேசட்டை ஊதிப் போட்டார். அப்போது அம்மா அடுக்களையிலிருந்து நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, யாரும் கூப்பிடாமலேயே பக்கத்தில் உட்கார்ந்து முதல் ரிமோட்டை எடுத்தாள்.

அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நீல ஆள் முதல் குழியைத் தாண்டினான். இரண்டாவதையும் தாண்டினான். அப்பா வழக்கம்போல் கையைத் தூக்கப் போனார்.

"சாடாண்டாம், மேல பாறை வரும். நீரு அங்கயே நில்லும், நான் போய்ப் பாத்துட்டு வாறேன்" என்றாள் அம்மா. பாறை அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் நின்று பார்த்தவரை அப்படியேதான் போனார்கள். அம்மா முன்னால் போய் அடியெல்லாம் வாங்கிக்கொள்வாள், வழி சரியானதும் அப்பாவை அழைப்பாள், அப்பாவின் ஆள் ஒரு கீறல் இல்லாமல் பின்னால் நடந்து வருவான். இத எப்ப படிச்ச என்று அப்பா கேட்டார். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துத்தான் என்றாள். நாங்கள் விளையாடும்போது அம்மா ஒருநாளும் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

சைக்கிளை மிதித்துப் பாலத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது, தெருமுனையிலேயே கோட்டைக் கதவு உடைகிற சத்தம் கேட்டது, இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தமும். அப்பா எதையோ தப்பாகச் செய்திருக்க வேண்டும், எனக்க உயிர வாங்காண்டாம் என்று அம்மா சொல்லுவது ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது. அதை அவ்வளவு சந்தோஷமாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா நன்றாக விளையாடுகிறாளே என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை இன்னொரு சுற்றுக்குத் திருப்பினேன். சட்டியில் மீன் வெட்டாமல் கிடந்த நாளில் எந்த மீனின் முள் இரண்டு பெருவிரல்களிலும் குத்தியது என்று எனக்கு அப்போதும் கேட்கத் தோன்றவில்லை.