கல்லோடு தங்கிய புழுக்கள்

1996 பெப்ரவரியிலிருந்து என் நாட்குறிப்பில் சனிக்கிழமைகள் எல்லாம் ஓடைக்குரியவை. ஓக்லாந்தின் மேற்கு மலைகளில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர், ஓடையின் அடிச்சரளையில் வாழும் சிறு புழுக்கள் எந்த வழியாக நகர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் சரளை நிரப்பிய கம்பிவலைப் பெட்டிகளைப் புதைப்போம். ஒன்று நீர் வரும் பக்கம் மட்டும் திறந்தது, ஒன்று நீர் போகும் பக்கம், மற்றது அடிப்பக்கம். இரண்டு கிழமை கழித்துத் தோண்டினால், எது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அது வந்த வழி தெரிந்துவிடும்.

ஊரில் விலங்கியல் படிப்பித்த நான் இங்கே மனுரேவாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். அடுத்த கோடைக்கு ஆய்வாளரிடம் ஒரேயொரு சம்பள வேலை இருந்தது. அதை நினைத்துத்தான் சும்மா போய் உதவினேன்.

ஏப்ரலில் ஒருநாள் சாப்பாட்டுப் பார்சலோடு மனைவியும் வந்தாள். ஒரு தட்டுச் சரளையில் நான் சாமணத்தால் புழு பொறுக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“இஞ்சாருங்கோ, இதென்ன கோழி கொத்திற மாதிரி? தாங்கோ இஞ்சை.”

சரளையை வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டாள். அரிசி அரிப்பதுபோலச் சுழற்றிச் சுழற்றி வடிகட்டியில் சாய்த்தாள். அரிசி வருகிற மாதிரிப் புழுக்கள் நீரோடு வந்தன; கல் அடியில் தங்கியது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆய்வாளர் கைதட்டினார். அன்றைய குறிப்பில் “புழுக்கள் பிரிக்கப்பட்டன” என்று எழுதினேன். யார் பிரித்தது என்று எழுதவில்லை.

அதன்பிறகு அவளும் சனிதோறும் வந்தாள்; ஆய்வாளர் காரை விட்டு இறங்கியதும் அவளைத்தான் தேடினார். நான் எடுக்கும் ஓடை வெப்பநிலைக் கணக்கைக் கடைசியில் கேட்டார், சில நாள் கேட்கவுமில்லை.

ஜூனில், அடி திறந்த பெட்டியிலிருந்து அரித்து மிஞ்சிய கல்லை விரலால் கிளறினேன். ஒரு கல் நகர்ந்தது. மணலை ஒட்டிக் குழல்போல வீடு கட்டிச் சுமக்கும் புழு. கனமானது, அரித்தால் எழும்பாது; கல்லோடு தங்கிக் கணக்கில் வராமல் போகும். பத்தடி தள்ளி ஆய்வாளர் அட்டவணையைப் பார்த்து, “வீடு சுமக்கிறவற்றால் அடியிலிருந்து ஏறி வர முடியாதுபோல” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நாளில் சொல்லலாம் என்று அந்தப் பிழையைப் பொத்தி வைத்திருந்தேன்.

செப்டம்பரில் ஆய்வாளர் எங்கள் லின்ஃபீல்ட் வீட்டுக்குத் தேநீருக்கு வந்தார். வேலைப் பேச்சு எடுத்ததும், அரிக்கும் முறையில் பெரிய பிழை இருக்கிறது என்று தொடங்கினேன். நான் முடிப்பதற்குள் மனைவி கராஜுக்குப் போய் ஐஸ்கிரீம் டப்பாக்களை அடுக்காகத் தூக்கிவந்தாள். ஒவ்வொரு மூடியிலும் நாளும் பெட்டியும், நான் எழுதுகிற ஒழுங்கிலேயே.

“கடைசிக் கல்லைப் பாக்காமல் ஆரும் கொட்டுவினமோ? பழுதாகாமல் ஸ்பிரிட் விட்டு வைச்சிருக்கிறன். அதுகளைப் பொறுக்க உங்கடை கண்தான் வேணும். உங்களுக்கு எப்ப நேரம் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்” என்றாள் என்னிடம்.

பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “உங்களுக்கு இது எப்ப தெரியும்?”

“இண்டைக்குத்தான் யோசிச்சன்.”

வேலை அவளுக்குக் கிடைத்தது. டப்பாக்கள் எனக்கு. குசினி மேசையில் சாமணத்தோடு இருந்து, அடியிலிருந்து ஏறி வந்த அத்தனை வீட்டுப்புழுக்களையும் பொறுக்கி, லேபிளில் நாள் தவறாமல் எழுதினேன்.

ஜூன் மாதத்து அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் மழை இருக்கிறது, ஓடையின் வெப்பநிலை இருக்கிறது; நகர்ந்த கல் இல்லை.