மாமாவின் சட்டைப் பை

ஓரிக்கை பாலாற்று மணலில் நண்பர்களோடு கூடாரம் போட்டிருந்தோம். வாழைப்பழத்துக்குள் வெல்லம் திணித்து, நனைத்த மந்தாரை இலையில் சுற்றித் தணலில் வைத்தேன். இலை கருகும் வாசனை வந்ததுமே அந்தப் பழைய சந்தேகமும் வந்துவிட்டது.

சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு இதே மணலில் மாமா இதைத்தான் சுட்டுத் தருவார். சர்க்கரை நோய் என்பதால் அவர் பழத்தில் வெல்லம் கிடையாது; கோயில் இட்லிக்குப் போடுவதுபோல் சுக்கும் மிளகும்தான். அத்தையின் உத்தரவு. ஒருநாள் என் பொட்டலத்தைக் கட்டும்போது மட்டும் அவர் கை சட்டைப் பைக்குள் போய்வந்தது.

“பையில இன்னா மாமா?”

“ஒண்ணுமில்லபா. நீ அந்தாண்ட பாரு.”

அந்த வாரம்தான் அம்மா பழத்துக்குள் பூச்சி மாத்திரையை ஒளித்துக் கொடுத்திருந்தாள். மாமா பையிலும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். விடுவேனா? அவர் விறகு பொறுக்கப் போனதும் பொட்டலங்களை இடம் மாற்றினேன்.

மிளகில் என் நாக்கு எரிந்தது. மாமாவோ கண்ணை மூடி விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தகிட்ட சொல்லிடாத கண்ணு. தெரியாம நடந்துபோச்சி.”

தெரியாமலா? விறகுதான் ஏற்கெனவே குவிந்து கிடந்ததே! அந்தப் பையில்தான் ஏதாவது இருந்ததா?

அடுத்த ஞாயிறு மாமாவை இங்கே அழைத்து வரப்போகிறேன். இரண்டு பொட்டலம் கட்டி வைத்துவிட்டு, இந்த முறை நான் விறகு பொறுக்கப் போவேன்.