உப்பு முப்பது

என் வீட்டுக்காரி பஸ் டிப்போ கேன்டீனில் சமையல்காரி. பத்தொன்பது வருஷம். முதல் வண்டி எடுக்கிற டிரைவரில் இருந்து பட்டறையில் கிரீஸ் தடவுகிறவர் வரைக்கும் மத்தியானம் நூற்றைம்பது பேர் அவள் கையால் சாப்பிட்டார்கள். அதே டிப்போவுக்கு எதிரில் நான் டயர் கடை வைத்திருக்கிறேன். பஞ்சர் ஒட்டுவேன், காற்றுப் பிடிப்பேன், டயர் மாற்றுவேன். படிப்பு ஆறாவதோடு சரி. எழுத்தில் தப்பு இருந்தால் அது ஆறாம் வகுப்பு வாத்தியார் தலையில்.

அவள் சமைக்கும்போது ருசி பார்த்து நான் கண்டதில்லை. மூடியைத் தூக்குவாள், ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாள், உப்பு பத்தலை என்பாள். போட்டால் சரியாக இருக்கும். நானும் இருபத்திரண்டு வருஷமாக அவள் போட்டதைச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. தட்டு காலியானால் அதுதானே பதில் என்று நினைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும்தான். ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியது. நான் கொல்லையில் இருந்து ஓடி வந்து பார்த்தால், அவள் பால் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கேன்டீனிலும் அந்த வாரமே சாயம் வெளுத்துவிட்டது. ஒரு நாள் உப்பு இரண்டு தடவை விழுந்தது, மறுநாள் விழவே இல்லை. அக்கா மனசு நோகக் கூடாது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு விழுங்கினார்களாம். ஒரே ஒரு ஆள் தட்டைத் தள்ளி வைத்தார். அவருக்கு டிப்போவில் பெயரே நொட்டை டிரைவர். பத்தொன்பது வருஷமும் தினம் ஒரு நொட்டை சொன்னவர். ரொட்டி தடி என்பார், மெலிசாகப் போட்டால் காகிதம் என்பார். அன்றைக்கு, "கடல்ல முக்கி எடுத்தியாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். வீட்டுக்கு வந்து அவரைத்தான் திட்டிக்கொண்டே இருந்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மூன்று மாதம் ஓய்வெடுங்க, பிறகு ஒரு நாள் வந்து மத்தியானச் சாப்பாடு செய்யுங்க, அதை வைத்து முடிவு பண்ணலாம் என்றார். டாக்டரைக் கேட்டால், வரும் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார். இவளுக்கு அந்தக் கேன்டீன் அடுப்படியை விட்டால் வேறு உலகம் கிடையாது. எங்களுக்கு ஒரே மகன், வெளியூரில் வேலை. மூன்று மாதத்துக்குள் தேறாவிட்டால் இவள் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அப்போதுதான் காய்ப் பெட்டி வந்தது. என் கடைக்கு டயர் மாற்ற வருகிற விவசாயி ஒருவர். பருவத்துக்கு முன்னாலேயே பணம் கட்டி விளைச்சலில் ஒரு பங்கு எழுதிக்கொண்டால் சனிக்கிழமை தோறும் ஒரு பெட்டி காய் கொண்டுவந்து போடுவார். எது வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. அந்த வாரம் வயல் எதைக் கொடுத்ததோ அதுதான் பெட்டியில். இதை நான் பேச்சுக்குச் சொன்னேன். இவள் உடனே எழுதச் சொன்னாள். இரண்டு பேருக்கு எதுக்குடி ஒரு பெட்டி, மாடு கட்டப் போறோமா என்று கேட்டேன்.

"கேன்டீன் காய் அஞ்சும் என் கைக்கு மனப்பாடம்," என்றாள். "கண்ணைக் கட்டி விட்டாலும் கை செஞ்சிடும். சமைக்கிறது நானா, பழக்கமான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. எனக்குத் தெரியாத காய் வரணும். அதைச் சரியா செஞ்சாத்தான் நான் இன்னும் சமையல்காரி."

எழுதினேன்.

முதல் சனிக்கிழமை பெட்டியில் நூல்கோல், பீட்ரூட், ஒரு கட்டு முரட்டுக் கீரை, முடிச்சு முடிச்சாக ஏதோ ஒரு கிழங்கு. அந்தக் கிழங்குக்கு என்ன பெயர் என்று விவசாயிக்கே சரியாகத் தெரியவில்லை. இவள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, தட்டிப் பார்த்தாள், நகத்தால் கீறினாள், ஒடித்துச் சத்தம் கேட்டாள். மூக்கும் நாக்கும் செய்த வேலையைக் காதுக்கும் கைக்கும் பிரித்துக் கொடுத்தாள். வெங்காயம் சடசடவென்று கத்துவதை நிறுத்திக் கிசுகிசுக்க ஆரம்பித்தால் வதங்கிவிட்டதாம். எல்லாம் சரி, உப்புக்குக் காது கிடையாதே. அதற்கு நான். "நீங்கதான் இனிமே எனக்கு நாக்கு" என்று ஒரு கரண்டியை என் முன்னால் நீட்டினாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். எப்படி நன்றாக இருக்கிறது என்று கேட்டாள். சூடாக இருக்கிறது என்றேன். பீட்ரூட்டுக்கு மண் மாதிரி என்றேன், கீரைக்குப் பழைய டியூப் மாதிரி என்றேன். கடைசியில் கரண்டியை மேசையில் போட்டுவிட்டு, டயருக்குக் காத்து எவ்வளவுன்னு மட்டும் துல்லியமா சொல்லத் தெரியுதில்ல என்றாள்.

வழி அதில்தான் கிடைத்தது. கார் டயருக்கு முப்பது பவுண்டு காற்று சரி என்று வைத்துக்கொண்டால், உப்பும் முப்பது இருந்தால் சரி. இருபத்தாறு என்றால் குறைவு, முப்பத்தைந்து என்றால் வெடிக்கும். நான் எண்ணைச் சொன்னால் போதும், ஒரு பவுண்டுக்கு எத்தனை சிட்டிகை என்பது அவள் பாடு. புளிப்புக்கும் காரத்துக்கும் அதே கணக்கு. ஆறு வாரம் இப்படியே ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் ஜன்னலைத் தாண்டிப் போகும்போது, "இருபத்தெட்டு, இன்னும் ரெண்டு அடி" என்று என் குரல் கேட்டு, வீட்டுக்குள் கார் வைத்திருக்கிறோமா என்று விசாரித்தார்.

ஆறாவது வாரம் நூல்கோலை ஏதோ புதுசாகச் செய்தாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. சொன்னேன். என் வாய்க்கு நாசூக்கு கிடையாது, இதை நாய் கூட முகராது என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போய் ஒரு டயரைக் கழற்றிவிட்டு மாட்டாமலே நின்றேன். இனிமேல் இவளை நோகடிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

ஏழாவது சனிக்கிழமை பெட்டியில் சுரைக்காய் வந்தது. காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி, பச்சையாகவே என் வாயில் போட்டாள். குடலைப் பிடுங்கும் கசப்பு. எப்படி என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பச்சைக் காய் அப்படித்தான் இருக்கும் போல, வெந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, நல்லாத்தான் இருக்கு என்றேன். சூப் வைத்தாள். அதுவும் அதே கசப்பு. முப்பது, சரியா முப்பது என்று சொல்லி ஒரு கிண்ணம் குடித்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னொரு கிண்ணமும் வாங்கிக் குடித்தேன். அவளுக்குச் சாப்பாடே அப்போது மரத்தூள் மாதிரி, காய்ந்த ரொட்டியைக் கடித்துவிட்டு எழுந்துவிட்டாள். அதனால் பிழைத்தாள்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை, எனக்கு வாந்தியும் பேதியும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கையில் ஊசி குத்தி பாட்டிலை ஏற்றிவிட்டு, என்ன சாப்பிட்டீங்க என்று டாக்டர் கேட்டார். இவள் சுரைக்காய் என்றாள். கசந்ததா என்று அவர் என்னைக் கேட்டார். நான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தேன். கசந்த சுரைக்காய் விஷம், ஒரு வாய் கசந்தாலே துப்பிவிட வேண்டும், நீங்க எப்படி இவ்வளவு குடிச்சீங்க என்று அவர் மறுபடியும் கேட்டார். கசந்தது என்றேன்.

டாக்டர் போனார். இவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அந்தத் துண்டை எதுக்கு உங்க வாயில போட்டேன்னு நினைச்சீங்க, ஊட்டி விடறதுக்கா? சுரைக்காயை ருசி பார்க்காம அடுப்புல ஏத்தக் கூடாது. என் நாக்கு செத்துப்போச்சுன்னுதானே உங்க நாக்கைக் கேட்டேன்?"

உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் என்றேன்.

"ஓட்டை டியூபை, பாவம் மனுஷன் கஷ்டப்படுவாருன்னு, நல்லாருக்குன்னு சொல்லி மாட்டி அனுப்புவீங்களா?"

மாட்டேன் என்றேன்.

"நான் டியூபை விடக் கேவலமா? இதே சட்டி கேன்டீன்ல இருந்திருந்தா நூத்தம்பது பேருங்க." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "ரெண்டு கிண்ணம். ஒண்ணோட நிறுத்தியிருக்கக் கூடாதா," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது.

அதன் பிறகு நான் பொய் சொல்லவில்லை. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டுதான். இரண்டு தடவை நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பியது. திரும்பட்டும் என்று விட்டேன். அடுத்த சனிக்கிழமை அதே காயை மறுபடி செய்தாள்.

மூன்று மாதம் முடிந்தது. மூக்கு வரவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். போய்ச் சமைக்கப் போறேன் என்றாள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன், நாக்கு தேவைப்படுமே என்று. அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.

சட்டி கொதித்து முடிந்ததும், சாப்பிட வந்து உட்கார்ந்த அத்தனை பேருக்கும் முன்னால் மேனேஜரைக் கூப்பிட்டாள். எனக்கு வாசனையும் ருசியும் இன்னும் திரும்பவில்லை, வெந்ததா வதங்கியதா என்பதைப் பார்த்துக்கொள்வேன், உப்புக்கும் கசப்புக்கும் ஒரு நாக்கு வேண்டும் என்று பளிச்சென்று சொல்லிவிட்டாள். தினம் யார் ருசி பார்ப்பது என்று மேனேஜர் கேட்டார். உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களும் நாங்க பார்க்கிறோம் அக்கா என்றார்கள்.

"நீங்க வேண்டாம். நல்லாருக்குன்னு சொல்லிடுவீங்க. எங்க வீட்டுக்காரரு அப்படிச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில கிடந்தாரு," என்றாள். டிப்போவே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. அவள் கரண்டியை நீட்டினாள், கடைசி மேசையைப் பார்த்து. "அண்ணே, நீங்க வாங்க."

நொட்டை டிரைவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையாவது கூப்பிடுகிறாளோ என்று. தன்னைத்தான் என்று தெரிந்ததும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். காற்றுக் கணக்கைச் சொன்னாள். டிரைவருக்கா தெரியாது? கரண்டியை வாயில் வைத்து, கண்ணை மூடி, நிதானமாக உருட்டிப் பார்த்தார்.

"இருபத்தேழு," என்றார். "காய் இன்னும் ரெண்டு நிமிஷம் வேகணும். மேலே எண்ணெய் மிதக்குது. அப்புறம் இந்தக் கரண்டி…"

"கரண்டி என் பாடு," என்று சொல்லிவிட்டு இவள் உப்பை அள்ளினாள்.

மேனேஜர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். மறுநாள் காலையில் இவள் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமை பெட்டி இப்போதும் வருகிறது. போன வாரம் பீட்ரூட்டை நறுக்கும்போது கையை நிறுத்தி, ஏதோ மழை பெஞ்ச மண் வாசனை மாதிரி இருக்குங்க, எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்றாள். வெளியே எட்டிப் பார்த்தேன், நல்ல வெயில். பீட்ரூட்டை மோந்து பார்த்துவிட்டு, மழை இல்லை, பீட்ரூட்தான் என்றேன். அவள் இன்னொரு துண்டை நறுக்கி மூக்குக்கிட்டே பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் அடுப்பில் இருந்த சூப் சுண்டிவிட்டது.

எப்படி இருக்கு என்று கேட்டாள்.

முப்பத்தி நாலு, தண்ணி ஊத்து என்றேன்.