பஸ் ஏறிய தக்காளிச் செடி

எங்கள் ஊர் சித்தூர் ஜில்லாவில், பாலசமுத்திரத்துக்குப் பக்கம். நைனாவும் அம்மாவும் பல வருஷம் பலமனேர் பக்கம் அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்குத் தக்காளி பறித்தவர்கள். இப்போது தம்பி ஒரு துண்டு நிலம் வாங்கி, அதே தக்காளியைத் தனக்கென்று போடுகிறான். நான் படித்து, திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். மாடியில் வாடகைக் குடித்தனம். வீட்டில் பயிர்ப்பேச்சு எழுந்தால் என் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள்.

போன வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு ஊருக்குப் போயிருந்தபோது, தம்பி நர்சரியில் நாற்றுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தான். நானும் மாடியில் தக்காளி வைக்கப்போகிறேன் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது.

"பக்கெட்லயா? இன்னாக்கா நீ! நான் பழத்த மார்க்கெட்டுக்கு ஏத்துற நேரத்துல உன் பக்கெட்ல வெறும் இலைதான் இருக்கும்."

"உனுக்கு முன்னாடி நான் பழம் காட்டுறேன், பாரு."

நைனா வாய்விட்டுச் சிரித்தார். தம்பி சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் சுருக்கென்றது.

திரும்பும் வழியில் சித்தூரில் இறங்கி, விதைக்கடையில் சீக்கிரம் காய்க்கிற ரகம் கேட்டேன். செடி குட்டை, பழம் சின்னது, தோல் மெல்லிசு, லாரியில் போட்டால் நசுங்கிவிடும் என்றார் கடைக்காரர். என் பழம் மாடியிலிருந்து அடுப்படிவரை போனால் போதும். வாங்கிக்கொண்டேன்.

பெயின்ட் பக்கெட்டுகளின் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மக்கிய சாணமும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பினேன். விதை முளைத்து நாற்றானதும், பாதித் தண்டு மறைகிற ஆழத்தில் நட்டேன். புதைந்த தண்டிலும் வேர் விடும், செடி சீக்கிரம் தேறும். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா தெலுங்கில் முணுமுணுத்தார். தண்ணீர் இறங்கிச் சுவர் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் அடியில் ஒரு பழைய தட்டு வைத்தேன்.

தீபாவளிக்கு முன்பே பூ வந்தது. வந்த வேகத்தில் முதல் கொத்து முழுக்க உதிர்ந்தது. அழுகையே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு பூங்கொத்தையும் விரலால் மெல்லச் சுண்டிவிட்டேன், மகரந்தம் உள்ளேயே உதிரட்டும் என்று. அடுத்த கொத்தில் மிளகு மாதிரி பச்சைப் பிஞ்சுகள் நின்றன.

அப்புறம் புயல் மழை. நான் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டேன், ரோட்டில் ஆட்டோவே இல்லை. நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்து மாடி ஏறினால் ஒரு பக்கெட்டைக்கூடக் காணோம். காற்று தூக்கி எறிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இக்கட உன்னாய், ரா!" இங்கேதான் இருக்கிறது வா என்று கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். மாடிப்படிக்கு அடியில் எல்லா பக்கெட்டுகளும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக அவரே இறக்கியிருக்கிறார். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"காய் உட்டிருக்குதே, எப்டி உட்டுட்றது?" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

ஒரு செடிதான் ஒடிந்திருந்தது. மற்றவை நின்றன, பெருத்தன, பழுத்தன. தம்பிக்குப் போன் போட்டேன். அவன் தோட்டத்தில் இன்னும் காய்தான்.

"எனுக்குப் பழுத்துட்ச்சிடா."

"மார்க்கெட்ல வாங்கிப் போட்டோ புடிச்சி அனுப்பாதக்கா."

பழம் எடுத்துப்போனாலும் நம்பமாட்டான். எனவே செடியையே எடுத்துப்போனேன். குலுங்கக் காய்த்திருந்த பக்கெட் ஒன்றைப் பழைய துப்பட்டாவால் சுற்றிக்கட்டி பஸ் ஏறினேன்.

"ஏமம்மா, செட்டுக்கு கூடா டிக்கெட் காவாலா?" செடிக்கும் டிக்கெட் வேண்டுமா என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பிரேக் போடும்போதெல்லாம் பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண் கேட்காமலே ஒரு கிளையைத் தாங்கிக்கொண்டாள்.

வாசலில் பக்கெட்டை இறக்கியதும் தம்பி குனிந்து ஒவ்வொரு காம்பாகப் பார்த்தான்.

"நூலு கட்டித் தொங்க உட்டிருக்கியான்னு பாக்குறேன்."

நைனா ஒரு பழத்தைப் பறித்து அப்படியே கடித்தார். சாறு முகவாயில் வழிந்தது. இன்னொன்றைத் தம்பியிடம் நீட்டினார்.

"துன்னு பாருடா. புளிப்பும் இனிப்புமா எப்டிக் கீது பாரு." பிறகு என்னிடம், "விதை மிச்சம் வெச்சிருக்கியாம்மா? எனுக்கும் ரெண்டு பக்கெட் வெச்சிக் குடு" என்றார்.

சாயங்காலம் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். நாளெல்லாம் தக்காளிக் காட்டில் களை எடுத்துவிட்டு வருகிறவர்கள். "இம்மாஞ் சின்னச் செடில இத்தினி பழமா! யார் வெச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தெருவுக்கே கேட்கும்படி தம்பி சொன்னான்: "எங்கக்கா! திருப்பதில, மாடி மேல!"

ஆளுக்கு ஒரு பழம் பறித்துக் கொடுத்தேன். அவர்கள் அங்கேயே நின்று தின்றார்கள்.