மணிக்கூண்டில் கட்டிய வலை

எங்கள் சபையின் மணிக்கூண்டில் இரண்டு கூகைகள் குடியிருந்தன. இந்த வெள்ளை ஆந்தையை ஊரில் வெள்ளிமூங்கை என்பார்கள். மாலை ஜெபக்கூட்டம் முடிந்து நாங்கள் செருப்பு தேடுகிற நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, ஆலயத்தை ஒட்டியிருக்கும் என் அக்காவின் மரச்சீனி விளைக்கு மேலே சிறகோசை கேட்காமல் பறக்கும். சற்று நேரத்தில் எலியைக் கவ்விக்கொண்டு திரும்பும்.

அக்காவுக்கு அந்த மரவள்ளித் தோட்டம்தான் எல்லாம். கல்யாணமாகி அம்பூரிக்குப் போனவள், அத்தான் இறந்தபின் இங்கேயே திரும்பி வந்துவிட்டாள். மரச்சீனி நட்டு, கிழங்கு பிடுங்கி, உதியன்குளங்கரை முக்கில் கொண்டுபோய் விற்பாள். அதில்தான் அடுப்பு எரிகிறது. நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவன், மாதச் சம்பளக்காரன். என் கோபம் எனக்காக இல்லை, அவளுக்காக.

சபையின் ஆண்டு விழாவான சபை நாளுக்கு ஆலயத்தை வெள்ளையடிக்கத் தீர்மானித்தார்கள். நல்லதுதான். ஆனால் கமிட்டியில் யாரோ கூகையின் பேச்சை எடுத்தார்கள். புதுப் பெயின்டில் எச்சம் வழியுமாம். வேதபாடம் வாசிக்கும்போது மேலிருந்து சீறுகிற சத்தம் கேட்கிறதாம். ஒரு பெரியவர் எழுந்து, அது சாவுக்குருவி, அதை ஆலயத்தில் வைத்துக்கொண்டிருப்பதே தப்பு என்றார். ஞாயிறுதோறும் மூடநம்பிக்கைக்கு எதிராக ஜெபிக்கிற சபை! எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

நான் எழுந்து பேசினேன். வகுப்பில் சொல்வதையே சொன்னேன். வெயிலை மரச்சீனி இலை பிடித்துக் கிழங்காக்குகிறது. கிழங்கை எலி தின்கிறது. எலியைக் கூகை தின்கிறது. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்திதான் மேலே போகும். மீதி ஓடுவதிலும் மூச்சுவிடுவதிலும் சூடாகப் போய்விடும். அதனால்தான் ஒரு விளைக்கு எலி எத்தனையோ உண்டு, கூகை இரண்டே இரண்டு. மேலே இருப்பது எப்போதும் கொஞ்சம்தான். அதைத் துரத்துவது சுலபம், திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். தசமபாகம் தெரிந்த சபைக்கு இந்தப் பத்தில் ஒன்று புரியும் என்று நினைத்தது என் மடத்தனம்.

செயலாளர் எங்களுக்கு ஒருவகையில் அண்ணன் முறை. அவர் கேட்டார்: "எலே, அதெல்லாம் ஸ்கூல்ல படிப்பி. இந்த வெள்ளிமூங்கை சபைக்கு என்ன தருது, அதச் சொல்லு."

"எனக்க அக்காளுக்க கிழங்கு அது தந்ததாக்கும்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் பெயின்டர் சாரம் கட்டி ஏறி, மணிக்கூண்டு ஜன்னல்களை எல்லாம் கம்பி வலையால் அடைத்துவிட்டு இறங்கினார். அப்போது கூண்டில் குஞ்சு எதுவும் இல்லை, அந்த மட்டில் சமாதானம். இரண்டு கூகைகளும் சில நாள் மாலையில் வந்து வலையில் மோதிப் பார்த்தன. பிறகு வரவில்லை. சபை நாள் ஜோராக நடந்தது. பிரியாணி பரிமாறினார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மழை விட்டதும் எலி பெருகியது. பெருச்சாளியும் சேர்ந்துகொண்டது. மேலே செடி பச்சைப்பசேலென்று நிற்கும். ஒரு மூடு செடியைப் பிடுங்கினால் அடியில் கிழங்கு பாதிதான் இருக்கும், மீதி பொந்து. அக்கா ஒரு மூடு பிடுங்குவாள், பார்ப்பாள், எறிவாள், அடுத்ததைப் பிடுங்குவாள். முக்கில் கிழங்கு வாங்குகிறவர்கள் கடித்ததைத் தொடுவார்களா?

செயலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் பரிவோடுதான் பேசினார், அதுதான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. "எலி வெஷம் வெச்சா தீர்ந்துது மக்கா. கடையில உண்டு."

நான் வேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். ஆனால் விளை அவளுடையது, வயிறும் அவளுடையது. வைத்தாள். சில எலி செத்தது, சில தள்ளாடிக்கொண்டு திரிந்தது. தள்ளாடினதை அவள் வளர்த்த பூனை பிடித்துத் தின்றது. மூக்கில் ரத்தம் வடிந்து, அம்மிக்கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. சக்தி ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே போகும். விஷம் அப்படிக் கரைந்துபோகாது, தின்றவனோடு சேர்ந்து மேலே ஏறும். இதையும் நான் வகுப்பில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். பூனையைக் குழிவெட்டிப் புதைத்தபோது எனக்கு என் படிப்பின் மேலேயே ஆத்திரம் வந்தது. பூனையும் போனபின் எலிக்குக் கேட்பாரில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்று அவரவர் நிலத்தின் முதற்பலனை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அதை முற்றத்தில் லேலம் விட்டு, கூடுதல் விலை கேட்டவருக்குக் கொடுப்பார்கள். ஏத்தன் வாழைக்குலை, தேங்காய், சேவல் என்று வரிசையாக வந்தது. அக்கா ஒரு கூடை மரச்சீனி கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைத்தாள். அத்தனையும் எலி கடித்தது.

செயலாளர் என் பக்கம் வந்து குனிந்தார். "எலே, நல்ல கிழங்கு கொஞ்சம் வாங்கி வெச்சிருக்கலாமே. நாணக்கேடு."

நான் வாய் திறப்பதற்குள் அக்கா திரும்பினாள். "அண்ணா, கடவுளுக்கு விளைஞ்சதயாக்கும் குடுக்கது, வாங்குனத இல்ல. எனக்க விளையில இந்த வருசம் இதுதான் விளைஞ்சது."

லேலம் விடுகிறவர் அந்தக் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, கடிபடாத பக்கத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார். "மத்த பக்கமும் காட்டுங்கோ," என்றாள் அக்கா. காட்டினார். ஒரு தரம் என்றார். யாரும் கேட்கவில்லை. ரெண்டு தரம் என்றார். சேவலுக்குப் போட்டி போட்டவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். கேட்க ஆளில்லாத பொருளைக் கமிட்டியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம்.

"அப்போ கமிட்டிக்குத்தான்," என்றாள் அவள். "கொண்டுபோயி அவிச்சுத் தின்னுங்கோ. மிச்சத்த எலி தின்னாச்சு."

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பொருளைக் கூப்பிடச் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அடுத்த வட்டம் மரச்சீனிக் கம்பு நடணுமா, வேண்டாமாலே? நீ படிச்சவன்தானே, பறஞ்சு தா."

வலையை அவிழ்த்தால் நடு என்றேன். அதைப் பற்றிக் கமிட்டி கூடிப் பேசியது, மறுபடியும் கூடிப் பேசியது. பெயின்ட் கெட்டுவிடும் என்று சிலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளை மணிக்கூண்டு பளபளவென்று நிற்கிறது, வலையும் அதில் நிற்கிறது. நடுகிற பருவம் போய்விட்டது. அக்கா இப்போது உதியன்குளங்கரை முக்கில் வேறொருவர் விளைவித்த கிழங்கை எடைபோட்டுக் கொடுக்கக் கூலிக்குப் போகிறாள்.