தேசப்பன் வேனில் முதல் பாட்டு

மீன்குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டுமா என்று கேட்பார்கள். பட்டினப்பாக்கத்துத் தேசப்பனைப் பார்த்திருந்தால், அந்தப் பழமொழியைச் சொன்னவர் மறுபடி வாய் திறந்திருக்க மாட்டார். தாத்தா காலத்திலிருந்து கடலில் வலை போட்ட குடும்பம். இவனோ கட்டுமரத்தில் கால் வைத்த மாத்திரத்தில் குடலே வெளியே வரும்படி வாந்தி எடுப்பான். கூடப் போனவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். “உன்னிய ஏத்திக்கினு போறதுக்கு ஒரு மூட்டை மணல ஏத்திக்கினு போலாம்” என்று ஒருநாள் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு அவனுக்கு உண்டான சந்தோஷம் பண்டிகைக்குக்கூட உண்டானதில்லை.

தரையில் ஓடும் எதுவும் அவன் வயிற்றைப் புரட்டவில்லை. டிரைவிங் கற்றுக்கொண்டான், ஒரு பழைய மெட்டடார் வேனைப் பிடித்தான், மயிலாப்பூர், மந்தைவெளிப் பிள்ளைகளை அடையாறில் உள்ள ஒரு பள்ளிக்கு ஏற்றிப்போக ஆரம்பித்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பள்ளிக்கூட வேனை ஓட்டுவது சுலபம். உள்ளே நடக்கும் யுத்தத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். தண்ணீர் பாட்டிலால் ஒருத்தன் மண்டையில் ஒருத்தன் போடுவான், ஜன்னல் சீட்டுச் சண்டையில் பின்னல் பிய்யும். இவற்றையெல்லாம் அடக்கத் தேசப்பனிடம் இருந்த ஒரே ஆயுதம் டேப் ரெக்கார்டர்.

முதலில் சினிமாப் பாட்டுத்தான் போட்டான். எல்.கே.ஜி. வர்ஷினி அதில் ஒன்றைக் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் இடுப்பை வளைத்து ஆடிக் காட்டிவிட்டாள். மறுநாள் காலை தாய்மார்கள் கூட்டமாக வேனை மறித்தார்கள். “டேப்பு பாடிச்சும்மா, நானா பாடினேன்?” என்று கேட்டுப் பார்த்தான். எடுபடவில்லை. பக்திப் பாட்டுக்கு மாறினான். பாதிப் பிள்ளைகள் தூங்கின, மீதிப் பாதி தூங்கினவர்களைக் கிள்ளின. வர்ஷினியோ வீட்டு வாசலில் தொடங்கும் அழுகையைத் திரு.வி.க. பாலம் தாண்டும்வரை விட மாட்டாள். சின்ன உருவம்தான், தொண்டை மட்டும் கப்பல் சங்கு.

அப்போதுதான் வேனில் வரும் அனிருத் ஒரு காசெட்டைக் கொண்டுவந்தான். அவன் அப்பா அனந்தராமன், தேனாம்பேட்டையில் ஒரு ஜப்பான் கம்பெனியின் ஆபீசில் இன்ஜினியர். பயிற்சிக்காக ஜப்பான் போனவர், மேலே பொம்மைப் படம் போட்டிருக்கிறதே என்று பிள்ளைக்கு வாங்கி வந்தது. ஜப்பான் டி.வி.யில் வரும் கார்ட்டூன்களின் பாட்டுகளாம் அத்தனையும். தேசப்பன் அதைப் போட்டான். முதல் பாட்டிலேயே வேன் குலுங்கியது. இந்த முறை தாய்மார்களும் ஒன்றும் சொல்லவில்லை. “அர்த்தமே புரியலை, அதுல விரசம் எங்கேர்ந்து வரும்?” என்று ஒரு மாமி தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

அதன் பிறகு தேசப்பனைப் பிடிக்க முடியவில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு என்று மருந்துக் கடைக்காரன் மாதிரி சிபாரிசு செய்ய ஆரம்பித்தான். “இட்லி எறங்கலியாம்மா? பறக்கிற ரோபோ பாட்டு கீது, அத்தப் போடுங்க, தானா எறங்கும். பரீச்சைக்குப் பயந்தா ஓட்டப் பந்தயப் பாட்டு. தூங்காத கைப்புள்ளைக்குப் பூனைப் பாட்டு, மெல்லிசா வையுங்க.” ரோபோ, பூனை என்பதெல்லாம் உறையில் இருந்த படத்தைப் பார்த்து அவனாக வைத்த பெயர். தாய்மார்கள் காலிக் காசெட் வாங்கிக் கொடுத்துப் பதிந்துகொண்டார்கள்.

ஒரு பாட்டுக்கு மட்டும் அவன் பெயர் வைக்கவில்லை. தொடக்கத்தில் கணீரென்று மணி அடிக்கும். பிறகு குழந்தைகள் நிதானமாகச் சேர்ந்து பாடுவார்கள். கேட்டதும் அவனுக்கு மெய் சிலிர்த்தது.

“சார், இது ஜப்பான் சாமிப் பாட்டுதானே?” என்று அனந்தராமனைக் கேட்டான்.

தெரியாது என்ற சொல் அனந்தராமன் நாக்கில் ஒருபோதும் வராது. “பின்னே? அங்கே கோவில்ல இப்படித்தான் மணி அடிச்சுண்டே இருப்பா” என்றார்.

போதாதா? நம் ஊரில் எந்த டிரைவர்தான் முதல் சவாரிக்குச் சாமிப் பாட்டு போடாமல் வண்டி எடுப்பான்? மறுநாளிலிருந்து அதுதான் முதல் பாட்டு. ஊதுவத்தி ஏற்றி டேப்புக்குக் காட்டுவான், கன்னத்தில் போட்டுக்கொள்வான், பிள்ளைகள் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடும். மணி அடித்ததும் வர்ஷினி அழுகையை நிறுத்திவிட்டுக் கைகூப்பினாள். அதைப் பார்த்த அன்று தேசப்பன் வேனை ஓரங்கட்டி இன்னொரு முறை கும்பிட்டான்.

நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதானே இடி விழும்? பள்ளி ஒரு புது பஸ் வாங்கியது. இனிப் பிள்ளைகள் எல்லாரும் பஸ்ஸில்தான், வேன் வேண்டாம் என்று பேச்சு கிளம்பியது. தேசப்பன் தலைமையாசிரியை சரோஜாதேவியிடம் போய் நின்றான். “ஆண்டு விழா முடியட்டும், சொல்றேன்” என்றார் அவர். வீட்டில் மனைவி ஜான்சி மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: “கடலும் உன்னிய வோணாம்னுச்சு. ரோடும் வோணாம்னா எங்கய்யா போவ?”

ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர், அனந்தராமனின் கம்பெனியிலிருந்து வந்த ஜப்பான் பெரியவர் ஒருவர். கம்ப்யூட்டர் அறையைத் திறந்துவைக்கிறார். வேன் பிள்ளைகளுக்கு ஜப்பான் பிரார்த்தனை தெரியும் என்று கேள்விப்பட்ட சரோஜாதேவி, அதையே கடவுள் வாழ்த்தாகப் பாடச் சொல்லிவிட்டார். தேசப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெய்வமே பார்த்து வழிவிட்டது என்று நினைத்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் அனந்தராமன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

பிள்ளைகள் நெற்றியில் விபூதியோடு மேடையில் வரிசையாக நின்றன. டேப்பில் மணி அடித்தது. கைகூப்பிக் கண்ணை மூடி உருகிப் பாடின. ஜப்பான் பெரியவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது.

“பாத்தியா சார், இன்னா பக்தி” என்றான் தேசப்பன்.

பாட்டு முடிந்ததும் பெரியவர் மைக்கைப் பிடித்துத் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். முன்வரிசை சிரித்தது, பிறகு அரங்கமே சிரித்தது. அனந்தராமன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

“தேசப்பா, மோசம் போயிட்டோம். டிபன் டப்பாவைத் தொலைச்சுட்டுக் காடு பூரா தேடிண்டு அலையற கரடிக்குட்டியாம். அந்தக் கார்ட்டூன் பாட்டாம் இது. மணி அடிச்சதே, அது ஸ்கூல் சாப்பாட்டு மணியாம்.”

சரோஜாதேவியின் முகம் கறுத்தது. தேசப்பனை மேடைக்குக் கூப்பிட்டார். கட்டுமரத்தில் ஏறுகிறவனைப் போல அவன் மேடை ஏறினான்.

“இது சாமிப் பாட்டுன்னு உனக்கு யார் சொன்னது?”

தேசப்பன் திரும்பிப் பார்த்தான். அனந்தராமன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நானாத்தான் மேடம் நெனச்சிக்கினேன்” என்றான். “இந்த வர்ஷினிப் பாப்பா தெனிக்கும் பாலம் தாண்டற வரைக்கும் அழுதுகினே வரும். எந்தெந்தச் சாமிப் பாட்டோ போட்டுப் பாத்தேன், நிக்கல. இந்த மணி அடிச்சதும் நின்னுச்சு. புள்ள அழுகைய நிறுத்தறது சாமி இல்லாம வேற இன்னா மேடம்?”

சிரிப்பு அடங்கிவிட்டது. ஜப்பான் பெரியவர், என்ன சொல்கிறான் என்று கேட்டார். அனந்தராமன் எழுந்து வந்து இங்கிலீஷில் சொன்னார். “இவன்மேல தப்பில்லை, கேட்டப்போ தெரிஞ்ச மாதிரி தலையாட்டினது நான்தான்” என்பதையும் சேர்த்தே சொன்னார். அதற்கு அவருக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ.

பெரியவர் சிறிது நேரம் வர்ஷினியைப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் வரிசையின் ஓரத்தில் போய் நின்று, அவர்களைப் போலவே கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை பாடுங்கள் என்று சைகை காட்டினார். பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? பெரியவரும் கூடவே பாடினார். விருந்தினர் நிற்கும்போது உட்காரலாமா என்று முன்வரிசை எழுந்தது, எல்லாரும் எழுந்தார்கள். மயிலாப்பூர் மாமாக்களும் மாமிகளும் பஞ்சகச்சமும் பட்டுப்புடவையுமாகக் கைகூப்பி, காணாமல்போன ஒரு டிபன் டப்பாவுக்காக மனமுருகி நின்றார்கள். சரோஜாதேவியும் கண்ணை மூடித்தான் நின்றார்.

விழா முடிந்து வெளியே வரும்போது, வாசலில் ஒதுங்கி நின்ற தேசப்பனைச் சரோஜாதேவி பார்த்தார்.

“நாளைக்கு வேனை நேரத்தோட கொண்டு வா.”

“அப்ப பஸ்ஸு மேடம்?”

“பஸ்ஸுல டேப் இல்லையேப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார்.