பஜ்ஜிக் கடையில் கிடைத்த வரலாறு

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத் தொலைபேசியில் அமுதா கூப்பிட்டார். "சார், தேவகி அக்கா போயிட்டாங்க. ஹார்ட்டாம்."

தேவகி மேடம் தாம்பரத்தில் எங்கள் நிறுவனத்தின் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். பத்து வருடங்களுக்கு முன் நான் எழுத்தராகச் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் கேட்டார்: "தம்பி, ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே இருப்பே? தமிழ் தடங்கலில்லாம படிப்பியா?"

பார்வையற்ற பெண்களின் விடுதி ஒன்றுக்குப் பாடநூல்களை விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் படிப்பேன். அவர் சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசியால் வலமிருந்து இடமாகப் புள்ளி குத்துவார்; தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக எழும்பி, இடமிருந்து வலமாகப் படிக்க வரும். கெட்டித் தாளுக்குப் பழைய மாதக் காலண்டர்கள்தான். அலுவலகத்தில் அவரைப் 'பாவம்' என்று சொல்லாதவர் இல்லை. அவர்களில் ஒருவர்கூட வந்து ஒரு பக்கம் படித்துச் சொன்னதில்லை.

விடுதிக் காப்பாளருக்கோ இந்த வேலையே வீண். கேசட்டில் பாடம் கேட்டால் போதாதா என்பார். மேடம் குரலை உயர்த்தாமல் ஒருநாள் கேட்டார்: "உங்க பசங்களுக்கு ரேடியோ போதும்னு ஸ்கூலுக்கு அனுப்பாம வெச்சிருக்கீங்களா சார்?"

அமுதா அப்போது அந்த விடுதியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். அவருக்கான வரலாற்றுப் புத்தகத்துக்கு எட்டு மாத ஞாயிறுகள் பிடித்தன. தைத்துத் தருகிறேன் என்று ராஜகீழ்ப்பாக்கத்திலுள்ள என் வீட்டுக்கு அதை எடுத்துச் சென்றேன். பழைய காலண்டர் குவியல் என்று நினைத்து அம்மா அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். வேறு பிரதி கிடையாது. தேர்வுக்குப் பத்து நாள்.

மேடத்திடம் போய் அழுதுகொண்டே சொன்னேன். "அழுவாதே. யார்கிட்ட போட்டாங்க, அத சொல்லு" என்றார் மேடம்.

பேப்பர்காரரை விசாரித்தால், கட்டு தாம்பரம் ஸ்டேஷனை ஒட்டிய பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டது. மேடம், அமுதா, நான் மூவரும் ஓடினோம். கடைக்காரர் நிம்மதியாக விளக்கினார்: "சாமி படத்துல எண்ணெ படக்கூடாதுன்னு வெள்ளப் பக்கத்துலதான் வெச்சுத் தர்றேன் சார். இன்னா தப்பு?"

அமுதா கல்லாப்பெட்டி மேலிருந்த தாளைத் தடவினார். சட்டென்று அக்பரின் நிலவரி முறையை வாசிக்கத் தொடங்கினார். கூட்டம் சேர்ந்தது. பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு ரிக்‌ஷாக்காரர் தன் தாளை நீட்டி, "என்னுதுல இன்னா கீது, பாரும்மா" என்றார்.

எண்ணெய் ஊறிய தாளில் மேடமே விரலை ஓட்டினார். "உங்களுது பானிபட் போர். பஜ்ஜி முடிஞ்சிதுல்ல? போரைக் குடுத்துட்டுப் போங்க."

சிரித்தபடியே ஒவ்வொருவரும் வாயைத் துடைத்துவிட்டு வரலாற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் மிச்சக் கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடைகளில் கிடைத்த பழைய காலண்டர்களையும் வாங்கி மேலே வைத்தார்.

ஒன்பது தாள்கள் கிடைக்கவேயில்லை. மேடம் ஊசியை அமுதாவின் கையில் கொடுத்தார். "இது நீயே எழுது. அவன் படிப்பான்." இரண்டு நாளில் எழுதி முடித்தார் அமுதா. தேர்வு எழுதினார், தேறினார். இன்று அவர் வரலாற்று ஆசிரியை.

ஞாயிறன்று அந்த விடுதியிலேயே இரங்கல் கூட்டம். காப்பாளரும் வந்திருந்தார். நாங்களெல்லாம் காகிதத்தைப் பார்த்துத் தலை குனிந்து வாசித்தோம். அமுதாவின் முறை வந்தபோது, மனதில் தோன்றுவதைச் சொன்னால் போதும் என்றார் ஒருவர். "எழுதிட்டு வந்திருக்கேன்" என்றார் அமுதா. தாளை மேசையில் விரித்தார். விரல்கள் வரிமேல் ஓடின. முகம் எங்களை நோக்கி நிமிர்ந்தே இருந்தது. கடைசி வரி வரை குனியவே இல்லை.

போய் வாருங்கள், தேவகி மேடம்.